ஆறாவது துளை

ஐந்து குண்டு சுட்டால் காகிதத்தில் ஐந்து துளை இருக்க வேண்டும். நாலு இருந்தால் ஒன்று தவறிப் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு இருந்தால் என்ன செய்வது? இந்தக் கணக்கு சில வருஷங்களுக்கு முன் நம்மை ஒரு நாள் முழுதும் வதைத்தது. அதை விவரித்தால் உபாத்தியாயர் என்ற நம்முடைய கௌரவத்துக்குச் சற்றுக் குறைவு நேரும். ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தர்மபுரி ஜில்லாவில் மலையடிவாரம் ஒன்றில் தேசிய மாணவர் படைப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி நடந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளுடன் நாமும் போயிருந்தோம். அழைத்துக்கொண்டு போவதற்குள் பட்ட பாடு தனிக் கதை. நம் ஜில்லாவில் துப்பாக்கி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. காட்டோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியும் அதைத் தேடிக்கொண்டு வரும் போலீஸாரும் பழைய சமாசாரம். வீரப்பனுடைய கதை 2004-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் முடிவுற்றதும் நம் பாப்பாரப்பட்டிக்கு அருகில்தான். ஆகவே, பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் பையன் ஒருவனின் தாயார், "துப்பாக்கியெல்லாம் நமக்கு எதுக்குங்க சார்? படிப்பு வந்தாப் போதுங்க" என்று சொன்னபோது அந்த அம்மாளைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. இது வேட்டை அன்று, விளையாட்டு என்றும், கண்ணையும் மூச்சையும் மனத்தையும் அடக்கப் பழக்கும் வித்தை என்றும் அரை மணி நேரம் எடுத்துரைத்த பிறகே கையெழுத்துக் கிடைத்தது.

பிள்ளைகள் வரிசையாகக் குப்புறப் படுத்து, 25 கஜ தூரத்தில் பலகையில் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சுட வேண்டும். ஆளுக்கு ஐந்து குண்டு. துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றனவோ அவ்வளவு சிலாக்கியம். மிக நெருக்கமாகச் சுட்டவனை அடுத்த முகாமுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நம் பாலக்கோட்டுப் பையன் வரிசையில் மூன்றாவதாகப் படுத்திருந்தான். அவனுக்கு இடப்பக்கம் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சுட்டு முடிந்து, ரைபிள்களைச் சோதித்து, விசில் ஊதிய பிறகு எல்லோரும் பலகையண்டை போனோம். நம் பையனின் காகிதத்தில் நாலு துளைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும்படி இருந்தன. ஐந்தாவது துளை அந்த நாணயத்தின் ஓரத்திலேயே இருந்தது. பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தோம். அதற்குள், மூன்று விரற்கடை கீழே, வலப்பக்கமாக, இன்னொரு துளை கண்ணில் பட்டது. பக்கத்துப் பிள்ளையின் காகிதத்தில் நாலே துளைகள். அந்தப் பிள்ளையின் கண்ணில் நீர் ததும்பிற்று.

சமாசாரம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்துப் பிள்ளை பதற்றத்தில் ஒரு குண்டை நம்மவனுடைய காகிதத்தில் சுட்டுவிட்டான். ஆனால் எது அவன் குண்டு? ஹவில்தார் நம் பையனைப் பார்த்தார். நாம் என்ன செய்தோம் தெரியுமா? குனிந்து அவன் காதோடு, "கிட்டே இருக்கிறதுதானே உன்னுடையது? தைரியமாகச் சொல்லு" என்றோம். பொய் சொல் என்று நாம் சொல்லவில்லை. கேள்விதானே கேட்டோம் என்று அப்பொழுதே மனத்துக்குள் வக்கீல் வாதமும் தயாராகிவிட்டது.

பையன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கீழே இருக்கறதுதாங்க சார் என்னுது. மூணாவது குண்டுக்கு விசையை வெடுக்குன்னு இழுத்துட்டேன்" என்றான். ஹவில்தார் ஒன்றும் பேசாமல் சிவப்புப் பென்சிலால் கீழ்த் துளையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அடுத்த முகாமுக்கு வேறொரு பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டான்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று சிலர் கேட்கலாம். பழகிய கைகளுக்கு அது தெரியும். விசை விடுபடும் அந்தக் கணத்தில் குறி எங்கே நின்றது என்பதை மனம் பதிவு செய்துகொள்கிறது. நல்ல வீரர்கள் சுட்டவுடனே, காகிதத்தைப் பார்க்காமலே, குண்டு விழுந்த இடத்தைச் சொல்லிவிடுவார்கள். பயிற்சியில் அதுவும் ஒரு பாடம். தன் கை ஆடிற்றா என்பது தனக்குத் தெரியாவிட்டால் அதை எப்படித் திருத்திக்கொள்வது? ஆகவே இந்த விளையாட்டில் தேர்ச்சி ஏற ஏற, தன் குற்றத்தை ஒருவன் மேன்மேலும் துல்லியமாக அறிந்தவனாகிறான். மற்ற விளையாட்டுக்களில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பத்தாயிரம் ஜனங்கள் சாட்சி சொல்வார்கள். இதில் முதல் சாட்சி சுட்டவன் ஒருவனே.

சர்வதேசப் போட்டி விதிகளை வகுத்தவர்கள் இதை யோசித்தே வகுத்திருக்கிறார்கள். பிறர் குண்டு தன் காகிதத்தில் விழுந்து, எது யாருடையது என்று தீர்மானிக்கவே முடியாவிட்டால், ஐயத்துக்குரிய குண்டுகளில் உயர்ந்த எண்ணிக்கை உள்ளதையே அந்தக் காகிதத்துக்கு உரியவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு விதி. அது கருணை. தான் சுடாத குண்டு ஒன்று தன் குறியில் விழுந்திருந்தால், "இது என்னுடையதன்று" என்று உடனே அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இந்த இரண்டாவது விதியைப் படித்தபோது நமக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. பாலக்கோட்டுப் பையன் இதைப் படித்ததில்லை.

அன்று பஸ்ஸில் திரும்புகையில் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விவாதித்தார்கள். "யாருக்கும் தெரியாதுடா, ஏண்டா சொன்னே?" என்றது ஒரு கட்சி. அதோடு நிற்காமல், "ராமரே வாலியை மறைஞ்சு நின்னுதானே அடிச்சாரு!" என்று ஒரு மேதாவி எடுத்துவிட்டான். மற்றொருவன், "அதனாலதானே இன்னிக்கு வரைக்கும் பட்டிமன்றம் போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்காங்க!" என்றான். கம்பனை ஆயுள் முழுதும் படித்தவர்கள்கூட அந்த வழக்குக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லி நாம் கேட்டதில்லை.

நம் மலையடிவாரத்தில் விழுந்த ஆறாவது துளை உலகப் பெரும் பந்தயத்திலும் விழுந்திருக்கிறது. 2004-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில், அமெரிக்க வீரர் மாத்யூ எம்மன்ஸ் கடைசிக் குண்டுக்கு முன் முதல் இடத்தில் இருந்தார். சுமாராகச் சுட்டால் போதும், தங்கம் அவருக்குத்தான். சுட்டார். அவருடைய குறியில் ஒன்றும் பதிவாகவில்லை. தாம் சுட்டுவிட்டதாக அதிகாரிகளிடம் தெரிவித்தார். அவர்கள் வந்து பார்த்தார்கள். அவர் நின்றது இரண்டாவது தடம். குண்டு விழுந்திருந்தது மூன்றாவது தடத்தின் குறியில். விதிப்படி அந்தக் குண்டுக்குச் சைபர். முதல் இடத்திலிருந்தவர் எட்டாவதாக, அதாவது கடைசியாக, இறங்கினார். தங்கம் சீன வீரர் ஜியா ஜான்போவுக்குச் சென்றது.

இதில் விசேஷம் என்னவென்றால், அதே எம்மன்ஸ் அந்த வருஷத்திலேயே பிறர் செய்த துரோகத்துக்கும் ஆளாகியிருந்தார். ஏதென்ஸுக்குப் புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன், பயிற்சி நிலையத்தில் வைத்திருந்த அவருடைய ரைபிளை யாரோ வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள். சிநேகிதி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய ரைபிளைக் கொண்டுதான் அவர் போட்டியிட்டார். அந்த இரவல் ரைபிளால், படுத்துச் சுடும் போட்டியில் தங்கமும் பெற்றார். பிறன் செய்த வஞ்சனை அவரைத் தோற்கடிக்கவில்லை. தம் கண்ணே செய்த பிழை தோற்கடித்தது. அன்று அவரைத் தேடி வந்து ஆறுதல் சொன்னவர் செக் நாட்டு வீராங்கனை காதரினா கூர்கோவா. இருவரும் 2007-இல் விவாகம் செய்துகொண்டார்கள். (இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் மிகவும் கவனமாகக் கேட்கிறார்கள்.)

நம் தேசத்துக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கத்தைக் கொண்டுவந்த ஸ்ரீ அபினவ் பிந்திராவின் அனுபவமும் இதற்கு ஒத்ததே. 2008-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி நடந்தது. அந்தப் போட்டியின் குறியில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி. வாக்கியத்தின் முடிவில் நாம் வைக்கும் முற்றுப்புள்ளிக்கு மிஞ்சிப் போகாது. முதற் சுற்றில் 596 பெற்று நாலாவதாக இறுதிச் சுற்றுக்கு வந்தார். இறுதிச் சுற்று தொடங்குமுன் சோதித்துப் பார்க்க விடும் குண்டுகளில் முதலாவது, பத்தின் அருகில் விழ வேண்டியது, நாலுக்குப் போய்விட்டது. இடையில் யாரோ தம் ரைபிளின் குறிகாட்டியைத் தொட்டுத் திருப்பியிருக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. 2011-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். நம்மில் ஒருவராயிருந்தால் அந்த நிமிஷத்தில் என்ன செய்திருப்போம்? கூச்சலிட்டிருப்போம்; மனு எழுதியிருப்போம்; கை நடுங்கியிருக்கும். அவர் கையிலிருந்த சில நிமிஷங்களில் குறிகாட்டியைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரர் ஹென்ரி ஹாக்கினனும் சமமாக நின்றார்கள். ஹாக்கினன் 9.7, பிந்திரா 10.8. மொத்தம் 700.5. ஜன கண மன ஒலித்தது. அன்று நம் பள்ளிக்கூடத்தில் மணியடித்தும் ஒருவரும் வகுப்புக்குப் போகவில்லை, நாமும் போகவில்லை.

அதே பெய்ஜிங்கில் வேறொரு காட்சியும் உண்டு. வட கொரியாவின் கிம் ஜோங்-சு கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வெள்ளி ஒன்றும் வெண்கலம் ஒன்றும் பெற்று, பிறகு இரண்டையும் இழந்தார். சோதனையில் அவர் உடம்பில் புரோப்ரனலால் என்ற மருந்து இருந்தது தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்கும் கை நடுக்கத்துக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் சாதாரண மருந்துதான் அது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவனுக்கு அது உதவாது, இடைஞ்சல்தான். ஆனால் துப்பாக்கி சுடுபவனுக்கு இதயம் துடிப்பதே ஒரு தொந்தரவு. இரண்டு துடிப்புக்கு நடுவே விசையை அழுத்தப் பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்துக்கு வருஷக்கணக்கில் பாடுபட வேண்டும். மாத்திரையை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர் போதும். அதனால்தான் விலக்கியிருக்கிறார்கள். கைத்துப்பாக்கியின் விசை போதிய கனம் தாங்குகிறதா என்று எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், மேலங்கித் துணியின் கனத்தை அளப்பதும் இதே காரணத்தினால்தான். துணி விறைத்திருந்தால் உடம்பு நிற்க வேண்டிய நிலையில் அங்கி நின்றுகொள்ளும்!

காகிதக் குறி வைத்துச் சுடும் இடங்களில் பென்சில் முனையால் ஒரு துளை போட்டுவிடுவது உலகமெங்கும் பழைய வித்தை. குண்டுத் துளையின் ஓரத்தில் ஈயக் கறை படிந்திருக்கும். பென்சில் துளையில் இராது. இப்பொழுது மின்சாரக் குறிகள் வந்து, பத்திலும் பத்தில் ஒரு பாகம் வரை கணக்கிட்டுச் சொல்கின்றன. பென்சிலுக்கு வேலை போய்விட்டது. ஆனால் பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு சின்னப் பிள்ளைகளுடன் போட்டியிட வரும் பெரிய பிள்ளைகளை எந்தக் கருவி அளக்கும்? அந்தத் தேதியைப் பிள்ளையா எழுதினான்? தகப்பனாரும், சில சமயம் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களும் அல்லவா எழுதிக் கொடுக்கிறோம்!

பெரியவர்களும் நன்றாக நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லாவிட்டால் பாவம். 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்கர் லானி பாஷமும், அதே நாட்டு மார்கரெட் மர்டாக் அம்மாளும் 1162 பெற்றுச் சமமாக நின்றார்கள். ஆண்களும் பெண்களும் ஒன்றாகப் போட்டியிட்ட காலம். கடைசிச் சுற்றின் கணக்கைப் பார்த்துப் பாஷமுக்குத் தங்கம் என்று தீர்ப்பாயிற்று. விதிப்படி அது சரியே. ஆனால் தேசிய கீதம் ஒலிக்கும்போது பாஷம் கையை நீட்டி, அந்த அம்மாளைத் தாம் நின்ற உயரமான மேடைக்கே ஏற்றிக்கொண்டார். இருவரும் ஒரே படியில் நின்றார்கள்.

துப்பாக்கி வித்தை வடநாட்டாருக்கே உரியது என்று நம்மவர் சிலர் எண்ணுகிறார்கள். 2012-இல் லண்டனில் 701.1 பெற்று வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில். 2024-இல் பாரிஸில் களிமண் தட்டுக்களைச் சுட்ட பிருதிவிராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர். பாலக்கோட்டிலிருந்தும் ஒருவர் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பஸ்ஸில் பாதி வழி வந்தபின், பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்பது உபாத்தியாயருக்குப் பழக்கமில்லாத காரியம். எப்படியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அங்கே நான் உன் காதிலே ஒன்று சொன்னேனே, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றோம்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "நீங்க சொன்னீங்களா சார்? காதுல பஞ்சு வெச்சிருந்தேன், ஒண்ணும் கேக்கலீங்க" என்றான்.