போக்கர் திறமை விளையாட்டுத்தான், அதனால்தான் காசு வைக்காதீர்கள்

"போக்கர் சூது இல்லை மச்சான், அது ஒரு திறமை விளையாட்டு." இந்த வசனம் கேட்காமல் இப்போது போனைத் திறக்க முடியாது. டெலிகிராம் குழுக்களில் சொல்கிறார்கள், டிக்டொக்கில் சொல்கிறார்கள், விடுதியில் பக்கத்துக் கட்டில் பெடியனும் சொல்கிறான். வசனத்தில் பிழை இல்லை. எங்களுடைய சண்டை அதற்குப் பிறகு வருகிற வசனத்தோடு: "ஆகவே நீயும் கொஞ்சம் காசு போட்டு ஆடிப் பார்." முதல் வசனம் உண்மை எண்டால், புதிதாகத் தொடங்குகிற ஒருவருக்குச் சொல்லக்கூடிய மிக மோசமான அறிவுரை இந்த இரண்டாவதுதான்.

ஏன் என்று பார்ப்போம். நாணயம் சுண்டிப் பந்தயம் கட்டினால் நேற்றுத் தொடங்கியவருக்கும் இருபது வருடம் சுண்டியவருக்கும் ஒரே வாய்ப்பு. திறமை உள்ள ஆட்டத்தில் அப்படி இல்லை. தெரிந்தவர் தெரியாதவரிடமிருந்து எடுக்கிறார். இன்றைக்கு இல்லாவிட்டாலும், தொடர்ந்து ஆடினால் எடுத்தே தீருவார். போக்கர் மேசையில் காசு முளைப்பதில்லை. ஆறு பேர் ஆளுக்கு 1000 ரூபா கொண்டுவந்தால் அங்கே இருப்பது 6000. ஒருவர் 3000 ரூபாவோடு எழும்பினால் மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்து மிச்சம் 3000.

உண்மையில் அதுவும் மிஞ்சாது. நடுவில் சேர்கிற காசை, அதாவது பொட்டை, ஒருவர் வெல்லும்போது ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் ஒரு பங்கை வெட்டிக்கொள்கிறார். அதற்குப் பெயர் ரேக். 5 வீதம் என்று வையுங்கள். ஒரு இரவில் எல்லாப் பொட்டுகளும் சேர்ந்து 20,000 ரூபா வந்தால் 1000 ரூபா நடத்துகிறவருக்கு. ஆறு பேரில் ஒருவருடைய முழுக் காசும், மேசையில் எவரும் வெல்லாமலே போய்விட்டது. ஆகவே "திறமை விளையாட்டு" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மேசையில் திறமை குறைந்த ஆள் யார்? நேற்றுத்தான் தொடங்கினோம் எண்டால் விடை தேடி அலையத் தேவையில்லை.

இதற்குப் பதிலாக ஒரு கதை சொல்வார்கள். 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் ஒரு சிறிய தகுதிப் போட்டியில் வென்று உலகத் தொடரின் பிரதான போட்டிக்குப் போய் 25 இலட்சம் டொலர் வென்றார். உண்மைதான். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். மற்ற 838 பேரைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை. அந்தக் கதை பரவிய பிறகு, 2006 இல் அதே போட்டிக்கு 8,773 பேர் வந்தார்கள். ஒரு கணக்காளரின் வெற்றி யாருக்கு மிகப் பெரிய விளம்பரமாகியது என்பதை அந்த எண்ணே சொல்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவர் ஆடுகிற காசில் பங்கு தருகிற ஏற்பாடும் இந்தத் தொழிலில் பழையது. உங்களை அன்பாகக் குழுவில் சேர்த்துவிடுகிற அண்ணாவிடம் அதைப் பற்றி ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.

சட்டமும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. நாங்கள் பார்க்கிற தமிழகச் சனல்களில் ரம்மி விளம்பரங்கள் ஓடிய காலம் நினைவிருக்கும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றை அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 2025 இல் இந்திய நாடாளுமன்றம் கொண்டுவந்த இணைய விளையாட்டுச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே தள்ளிவைத்துவிட்டு, காசு கட்டி ஆடுகிற இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடைசெய்தது. தடை நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்பதும், அதில் காசு வைக்கலாமா என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதையே நாங்கள் சொல்கிறோம்.

இதை வாசித்துவிட்டு, "அதுதானே, சீட்டைத் தொடாதே எண்டு அப்பவே சொன்னனாங்கள்" என்று தலையாட்டுகிற பெரியவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. முன்னூற்றி நாலு ஆடி வளர்ந்த ஊர்கள் எங்களுடையவை. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10 என்று எண்ணி, துரும்பு எதுவென்று ஊகித்து, எதிரே இருக்கிற பங்காளியின் மனதை வாசிக்கிற ஆட்டம் அது. எத்தனையோ பேருக்கு மனக்கணக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தப் பாயில்தான். சீட்டுக்கட்டில் பாவம் ஒன்றும் இல்லை. போக்கரும் நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு ஆட்டம். ஆனால் படிக்கவேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையோதான் எங்கள் பெடியளும் பெட்டையளும் படிக்கிறார்கள்.

என்ன படிக்கிறார்கள்? முகத்தை இறுக்கி வைப்பது, கறுப்புக் கண்ணாடி போடுவது, "புளஃப்" அடிப்பது. புளஃப்புக்கும் கணக்கு இருக்கிறது. பொட்டில் 1000 இருக்கும்போது வெறும் கையோடு நீங்கள் 1000 வைத்தால், எதிராளி இரண்டில் ஒரு தடவைக்கு மேல் சீட்டைப் போட்டுவிட்டு விலகினால்தான் உங்களுக்கு இலாபம். புதியவர்கள் நிறைந்த மேசையில் யார் விலகுகிறார்கள்? "என்னதான் வைச்சிருக்கிறாய், பாப்பம்" என்று எல்லாரும் காசைப் போடுவார்கள். அங்கே புளஃப் அடிக்கிறவர் தன்னுடைய காசைத்தான் பகிர்ந்து கொடுக்கிறார்.

உண்மையிலேயே முன்னேற விரும்புகிறவர்கள் நாலு விஷயத்தில் தொடங்கலாம்.

ஒன்று, விலகப் பழகுவது. டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கைக்கு வருகிற இரண்டு சீட்டுகளில் 169 வகை உண்டு. பெரும்பாலானவை குப்பை. ஒன்பது பேர் இருக்கிற மேசையில் தொடங்குகிறவர் ஐந்துக்கு நாலு தடவை காசு போடாமலே விலகவேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பைத் தாங்குவதுதான் முதலாவது திறமை.

இரண்டு, இடம். கடைசியாகப் பேசுகிறவர் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். முதலில் பேசவேண்டிய இடத்தில் விலகவேண்டிய அதே சீட்டை, கடைசி இடத்தில் ஆடலாம்.

மூன்று, விலையும் வாய்ப்பும். கையில் இரண்டு ஸ்கோப்பன், மேசையில் விழுந்த நாலு சீட்டில் இரண்டு ஸ்கோப்பன். இன்னும் ஒரு சீட்டு வரவிருக்கிறது. நீங்கள் காணாத 46 சீட்டில் உங்களுக்கு உதவுவது 9. வாய்ப்பு கிட்டத்தட்ட 20 வீதம். பொட்டில் 1000 இருக்க எதிராளி 1000 வைக்கிறார். நீங்களும் 1000 போட்டால் மொத்தம் 3000. மூன்றில் ஒரு தடவையாவது வென்றால்தான் அந்த விலை கட்டுப்படியாகும். விலகுங்கள். அவர் வைத்தது வெறும் 200 எண்டால், 1400 பொட்டுக்கு உங்கள் பங்கு 200, அதாவது 14 வீதத்துக்குச் சற்று மேல். போடுங்கள். சீட்டு அதேதான், விலைதான் மாறியது. இதைச் செய்ய க.பொ.த. சாதாரண தரக் கணிதம் போதும். கலைப்பீடத்துப் பிள்ளையள் கணக்குக்குப் பயம் எண்டு யாரும் சாட்டுச் சொல்லவேண்டாம்.

நாலு, கொப்பி. வென்ற தோற்ற காசை எழுதுவதோடு நிற்காமல், எடுத்த முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதுவது. இரண்டு ஆசோடு இரண்டு ராசாவை எதிர்த்து எல்லாவற்றையும் வைத்தால் 82 வீதம் வெல்வீர்கள். மற்ற 18 வீதத்தில் தோற்றால் முடிவு பிழை என்று ஆகாது. அதேபோல, முட்டாள்தனமாக வைத்த பந்தயம் வென்றுவிட்டால் அது கெட்டித்தனமும் ஆகாது.

இந்தக் கடைசி விஷயம்தான் காசு வைக்கிறவர்களை ஏமாற்றுகிறது. 2017 இல் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலுக்கும் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பிட்ஸ்பர்க்கில் போட்டி நடந்தது. யார் கெட்டிக்காரர் என்று அதிர்ஷ்டத்தைப் பிரித்துப் பார்க்க 1,20,000 ஆட்டம் ஆடவேண்டி இருந்தது. எங்களுடைய ஆள் வெள்ளி இரவு நாற்பது ஆட்டம் ஆடி 3000 ரூபா வென்றுவிட்டு, தனக்குத் திறமை இருக்கிறது என்று சனிக்கிழமை மகாபொலக் காசை இறக்குகிறார்.

மரியா கொன்னிகோவாவைக் காட்டுவார்கள். ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றுகூடத் தெரியாமல் தொடங்கி, 2018 இல் ஒரு போட்டியை வென்று, 2020 இல் அதைப் புத்தகமாக எழுதியவர். அவர் உளவியலில் கலாநிதி. தொடங்கும்போது எழுத்து என்ற தொழில் கையில் இருந்தது. எரிக் சைடல் என்ற மூத்த ஆட்டக்காரர் பக்கத்தில் இருந்து கற்பித்தார். இதில் எது எங்களுடைய விடுதி அறையில் இருக்கிறது?

"காசு வைக்காட்டி ஒருத்தரும் ஒழுங்கா ஆடமாட்டினம்" என்பது மிஞ்சியிருக்கிற ஒரே வாதம். முன்னூற்றி நாலில் தோற்றுவிட்டு மூன்று நாள் பங்காளியோடு கதைக்காமல் திரிந்தவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்? அங்கே எந்த ரூபா இருந்தது? தீக்குச்சியை எண்ணி ஆடுங்கள். மாத முடிவில் புள்ளி போட்டு, கடைசியாக வந்தவர் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கட்டும். ஆட்களும் தெரிந்தவர்கள், ரேக்கும் இல்லை, பிழைகளை உட்கார்ந்து கதைக்கவும் நேரம் இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கொப்பியைத் திறந்து, எந்த முடிவு ஏன் பிழை என்று உங்களால் சொல்ல முடிந்தால் நீங்கள் ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். சொல்ல முடியாவிட்டால், காசு வைத்து ஆடியிருந்தால் இதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதை அதே கொப்பியில் கூட்டிப் பாருங்கள்.