கோயில் கல்லைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

திருவண்ணாமலையில் விடுதி கட்டுவோர் நீச்சல் குளத்தைச் சுற்றி மெருகேற்றிய கருப்புக் கிரானைட்டையே பதிக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டடப் பொறியாளர் எழுதியிருந்தார். அண்ணாமலையார் கோயிலே கருங்கல் தளம்தான், அதில் தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்பது அவருடைய முதல் வாதம். மரம் நம் வெயிலையும் கரையானையும் தாங்காது, மரத் தோற்றம் வேண்டுமென்றால் டபிள்யூ.பி.சி. பலகை போதும் என்பது இரண்டாவது. சூடு ஏறினால் தண்ணீர் தெளித்துவிடலாம் என்பது மூன்றாவது. இது அக்னித் தலம், இங்கே வந்து கால் சுடுகிறது என்பது சொகுசுப் பேச்சு என்பது நான்காவது. நான்குமே தவறு. முதலாவது தவறு என்பதோடு, கோயிலின் பேரில் சொல்லப்பட்ட பொய்ச்சாட்சியும்கூட.

கோயிலில் எந்தக் கல், எந்த நிலையில், எங்கே கிடக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பக்கம் சிவகங்கைத் தீர்த்தம், மறுபக்கம் ஆயிரங்கால் மண்டபம். 1896இல் பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்த ரமணர் தவமிருந்த பாதாள லிங்கம் அந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. கத்திரி வெயிலிலும் அங்கே கல் குளுகுளுவென்று இருக்கும். அந்தக் குளுமையைக் கொடுப்பது மேலே இருக்கும் கூரை. அதே கல், கூரையில்லாத பிராகாரத்தில் என்ன செய்கிறது என்று மே மாதம் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு மேல் நின்று பாருங்கள். மதில் நிழல் விழும் ஓரமாகவே கூட்டம் ஒதுங்கிப் போகும். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் குதிகாலால் மட்டும் மிதித்து, ஓட்டமும் நடையுமாக அடுத்த மண்டபத்துக்குள் புகுவார்கள். கோடை வந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கோயில்களில் தேங்காய் நார் விரிப்பு விரிக்கிறார்கள், பந்தல் போடுகிறார்கள், நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். கருங்கல் சுடாது என்றால் இத்தனை ஏற்பாடு எதற்கு? கோயில் நிர்வாகங்களே ஒப்புக்கொண்ட உண்மையைக் கோயிலின் பெயரைச் சொல்லியே மறைக்கப் பார்க்கிறார் இவர்.

இன்னொரு வேறுபாட்டையும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார். கோயில் தளத்தில் கிடப்பது உளியால் கொத்திய, வெளிர் சாம்பல் நிறக் கல். அவர் சிபாரிசு செய்வது முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய கருப்புக் கல். கருப்பு வெயிலை விழுங்கும், மெருகு ஈரத்தில் வழுக்கும். நீச்சல் குளக்கரை நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும் இடம். வெறுங்கால், ஈரத்தளம் இரண்டையும் மனத்தில் வைத்தே ஜெர்மனியில் டின் 51097 என்ற தரநிலை வகுத்திருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் ஓடும் தளத்தைச் சாய்த்துக்கொண்டே போய், எத்தனை டிகிரிச் சாய்வில் வெறுங்காலோடு நிற்பவருக்குப் பிடிமானம் போகிறது என்று அளந்து தளங்களைத் தரம் பிரிப்பார்கள். மெருகேற்றிய கல்லைக் குளக்கரைக்கு எழுதித் தருபவர் இப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு இவர் என்ன பதில் வைத்திருக்கிறார்?

இனி சூடு. வெறுங்கால் படும் இடத்துக்கு மரமே மேல் என்கிறேன் நான். வெயிலில் எல்லாப் பொருளும்தான் காயும், மரம் மட்டும் விதிவிலக்கா என்று கேட்கிறார். மரமும் காயும். ஆனால் ஒரே அளவு காய்ந்த கல்லும் மரமும் காலுக்கு ஒன்றல்ல. அடர்த்தியான கல் தனக்குள் தேக்கி வைத்த சூட்டை மிதித்தவுடன் விறுவிறுவென்று பாதத்துக்குள் தள்ளும். மரத்தில் சூடு மெல்லத்தான் நகரும். பாதத்தின் வெப்பம் 34 டிகிரி, கல்லும் மரமும் 60 டிகிரிக்குக் காய்ந்திருக்கின்றன என்று வைத்துக் கணக்கிட்டால், கல்லைத் தொட்ட தோல் 50 டிகிரியைத் தாண்டும், மரத்தைத் தொட்ட தோல் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். இந்த இடைவெளிதான் முக்கியம். தோல் வெந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இலேயே வெளியிட்டுவிட்டார்கள். தோல் 44 டிகிரியில் இருந்தால் மணிக்கணக்கில் ஆகும். 51 டிகிரியில் சில நிமிடங்கள். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும்.

சுட்டால் காலை எடுத்துவிட மாட்டார்களா என்று அவர் கேட்கலாம். சுடுவது தெரிந்தால் எடுப்பார்கள். நாள்பட்ட நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப் போனவருக்கு அது தெரியாது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து, ஒரு நாள் தங்கி, 14 கிலோமீட்டர் நடந்த காலைத் தண்ணீரில் நனைக்க விரும்பும் பெரியவர்களில் இவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! சாயங்காலம் அறைக்குப் போய்க் காலைத் துடைக்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். நீரிழிவுக்காரருக்கு ஒரு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மரம் நம் ஊருக்கு ஆகாது என்று சொல்ல இந்த ஊரில் எப்படி மனம் வந்தது? கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாடவீதிகளில் அசைந்து வரும் மகா தேர் எதனால் ஆனது? வைரம் பாய்ந்த மரத்தைப் பொறுக்கி எடுத்து, காற்றோட்டம் விட்டு, பழுதைக் காலாகாலத்தில் பார்த்தால் மரம் நிற்கும் என்பது இங்கே தச்சர்கள் கைகண்ட பாடம். தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் எளிதில் அண்டாது. வெளிர்ந்த ஓரப்பகுதியைத்தான் தின்னும். அதைக் கழித்து வாங்க வேண்டும். பலகையை மண்ணில் படுக்க வைக்காமல் கல் கால்களின் மேல் ரீப்பர் அடித்து உயர்த்த வேண்டும். பலகைக்குப் பலகை நீர் வடிய இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகால் முடுக்கி, ஆண்டுக்கொரு முறை எண்ணெய் பூச வேண்டும். பின்லாந்து முறைப்படி 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீராவியில் பதப்படுத்திய பலகையும் இப்போது கிடைக்கிறது. அது ஈரத்தைத் தாங்கும், கரையானைத் தடுக்காது. ஆகவே இங்கே தேக்கே மேல்.

மாற்றாக அவர் நீட்டும் டபிள்யூ.பி.சி. பலகை, மரத்தூளோடு பிளாஸ்டிக்கை உருக்கிப் பிழிந்தது. மரத்தைவிட அடர்த்தி கூடியது, காலுக்கு மரத்தைவிட அதிகம் சுடும். அவர் விரும்பும் அடர் பழுப்பு நிறத்தில் இன்னும் மோசம். நம்பாதவர்கள் கருப்புக் கிரானைட், அடர்பழுப்பு டபிள்யூ.பி.சி., தேக்கு, கொத்திய வெளிர் கல் என்று ஒவ்வொரு துண்டு வாங்கி, செங்கம் சாலையில் எந்த மொட்டை மாடியிலும் வெயிலில் கிடத்தி, பகல் இரண்டு மணிக்கு ஏறி நிற்கட்டும். எது நிற்க விடுகிறது, எது துள்ள வைக்கிறது என்பதைக் கால் சொல்லிவிடும்.

தண்ணீர் தெளிக்கலாம் என்ற யோசனை, கல் தப்பான தேர்வு என்பதை அவரே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். தெளித்த தண்ணீர் நிமிடங்களில் ஆவியாகும், கல்லின் உள்சூடு மறுபடி மேலே வரும், மெருகேற்றிய கல் அதற்குள் வழுக்கலும் ஆகியிருக்கும். லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் கோடையை ஓட்டும் ஊரில் தளத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் கேட்பதற்குக் கூச்சம் வேண்டும். சிலர் கல் சுடுகிறதென்று அதன்மேல் செயற்கைப் புல்லை விரிக்கிறார்கள். பிளாஸ்டிக் புல் நேர்வெயிலில் தார்ச்சாலையைவிடவும் சூடாகக்கூடியது. தப்பின் மேல் தப்பு.

அக்னித் தலம் என்ற கடைசி வாதம்தான் எனக்கு மிகுந்த கோபத்தை மூட்டியது. சுடுகிற பாதையில் வேண்டுதலோடு மலையைச் சுற்றுகிறவர் அந்த வருத்தத்தை விரும்பி ஏற்கிறார். அது அவருக்கும் அண்ணாமலையாருக்கும் இடையில் உள்ளது. காசு கொடுத்து அறை எடுத்தவரும் அவர் பிள்ளைகளும் எந்த வேண்டுதலையும் எடுத்துக்கொள்ளவில்லை. உச்சி வெயிலில் குளத்தில் விழுந்த சருகை வலை போட்டு அள்ளும் பணியாளர் பல இடங்களில் வெறுங்காலோடுதான் நிற்கிறார். அவருக்காகப் பேசுவது சொகுசுப் பேச்சா? பக்தியைக் காட்டி ஒப்பந்ததாரரின் கைவசமுள்ள சரக்கைத் தள்ளிவிடுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

தேக்குக்குச் செலவு அதிகம் என்பது உண்மை. அதற்காகக் கரை முழுவதும் தேக்கு வேண்டியதில்லை. குளத்துப் படி, குளிக்கும் ஷவர், நாற்காலி வரிசை, இவற்றை இணைக்கும் நடைவழி ஆகியவற்றில்தான் வெறுங்கால் படும். அங்கே மட்டும் தேக்கு போடுங்கள். மிச்சத்துக்குக் கொத்திய வெளிர் கல், உயிருள்ள புல். மேற்கு வெயிலை மறைக்க ஒரு பந்தல். கட்டடம் கட்டும் முதலாளிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மாதிரித் துண்டை ஏ.சி. அறை மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மே மாத வெயிலில் அதன்மேல் ஒப்பந்ததாரரை வெறுங்காலோடு நிற்கச் சொல்லுங்கள். நிற்க முடியாத கல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.