தனி ஆவர்த்தனம் என்றால் எழுந்து ஓடுவதா?

மேற்கு மாம்பலத்தில் ஸ்ரீராமநவமிப் பந்தல். எனக்கு அப்போது 9 வயது. பானகம், நீர்மோர் கிடைக்கும் என்று சித்தப்பாவோடு ஒட்டிக் கொண்டு போனேன். அதுதான் நான் நேரில் கேட்ட முதல் கச்சேரி!

பாட்டு ஒன்றும் புரியவில்லை. கொட்டாவி விட்டேன். திடீரென்று வித்வான் பாட்டை நிறுத்தி, தாளம் மட்டும் போட ஆரம்பித்தார். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வெளுத்து வாங்கின. மானாமதுரைப் பானைக்கு இவ்வளவு நாதமா!

ஆனால் கூட்டம்? வேட்டியைத் தட்டிக் கொண்டு கிளம்பியது. நானும் எழுந்தேன்.

"உட்கார்றா! ரெண்டு மணி நேரமா பாடறவருக்காக வாசிச்சார். இப்பத்தான் தனக்காக வாசிக்கிறார்" என்று அதட்டினார் சித்தப்பா.

கோர்வை மூன்று தடவை சுழன்று, பாட்டு எடுத்த இடத்தில் 'டக்'கென்று வந்து விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து விட்டது.

1928-லேயே மியூசிக் அகாடமி கண்ட ஊர் இது. 2017-ல் யுனெஸ்கோவே இசை நகரம் என்று சேர்த்துக் கொண்ட ஊர். இன்றும் மார்கழி சபாக்களைப் பாருங்கள். 'தனி' தொடங்கியதும் நாற்காலிகள் காலி. கேண்டீனில் தோசைக்கு கியூ!

கடைசி பஸ்சுக்கு ஓடுகிறவரைச் சொல்லவில்லை. (பாவம், அவர் வீடு திருவொற்றியூரோ, தாம்பரமோ!) வாசலில் கார் நிற்கிறவருக்கு என்ன அவசரம்?

போகத்தான் வேண்டுமா? பெரிய ராகத்தை எடுக்கும் முன்பே போய் விடுங்கள். வாசிக்கிறவர் கண்ணெதிரே முதுகைக் காட்டாதீர்கள், சார்!