நம் பாட்டுக்கும் ஒரு களரி



காணிவேல் என்றதும் நமக்கு நினைவு வருவது மரணக் கிணறும் இராட்டினமும் ஒலிபெருக்கியில் அலறும் பைலாவும்தான். அங்கே பாட்டின் வேலை ஆட்களைக் கூட்டுவது. பாட்டையே நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஒரு சர்க்கஸை எழுப்பினால் எப்படியிருக்கும்?

ஆர்ஜென்டினாவில் அப்படி நடந்தது. 1982இல் புவனஸ் அயர்சில் மூன்று இளைஞர்கள் தொடங்கிய றொக் குழு சோடா ஸ்டீரியோ. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் அவர்களுடைய பாட்டை அறியாதவர்கள் குறைவு. 1997இல் பிரிந்தார்கள். 2007இல் ஒரு சுற்றுப்பயணத்துக்காக மறுபடி சேர்ந்தார்கள். பாடகர் குஸ்தாவோ செராத்தி 2010இல் ஒரு கச்சேரி முடிந்த கையோடு பக்கவாதத்தில் விழுந்து, நான்கு ஆண்டுகள் நினைவு திரும்பாமலே 2014இல் காலமானார்.

குழுவின் கதை அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். கனடாவின் சிர்க் து சொலெய் அப்படி நினைக்கவில்லை. விலங்குகள் இல்லாமல், மனித உடலின் வித்தையை மட்டும் நம்பி 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. பீட்டில்ஸ் பாடல்களை வைத்து 2006இல் லாஸ் வேகாஸில் ஒரு காட்சியை அரங்கேற்றிய அனுபவம் அவர்களுக்கு ஏற்கனவே இருந்தது. ஆனால் அது ஒரே அரங்கில் நிலைத்து நின்றது. சோடா ஸ்டீரியோவுக்காக உருவாக்கிய ‘செப்திமோ தியா’ என்ற காட்சி 2017 மார்ச்சில் புவனஸ் அயர்சின் லூனா பார்க் அரங்கில் தொடங்கி, லத்தீன் அமெரிக்க நகரங்களுக்குப் பயணம் போனது. குழுவில் எஞ்சிய இருவரும் கூடவிருந்து பழைய ஒலிப்பதிவுகளைப் புதிதாகக் கலந்து கொடுத்தார்கள். குரல் செராத்தியுடையதேதான். ரசிகர்களில் ஒரு பகுதியினர் களத்தில் நின்றபடி பார்க்க, வித்தைகள் அவர்களுக்கு நடுவிலேயே நடந்தன.

மட்டக்களப்பின் வட்டக்களரியைச் சுற்றிக் குந்தியிருந்து கூத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பாடியவர் இல்லாத இடத்தை இன்னொரு பாடகரைக் கொண்டு நிரப்பாமல், கயிற்றில் தொங்குபவர்களையும் குட்டிக்கரணம் போடுபவர்களையும் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள். பாட்டு பழையது. அதற்குக் கிடைத்த உடல் புதியது.

நம்மிடமும் அப்படிப்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. எழுபதுகளில் இலங்கை மண்ணில் பொப் இசை துள்ளியது. ஏ. ஈ. மனோகரன் பாடி ஊரறிந்த ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத் திரைப்படத்திலும் ஏறியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ யாழ்ப்பாணப் பேச்சின் கிண்டலை அப்படியே மெட்டில் ஏற்றியது. மனோகரன் 2018இல் மறைந்தார். இன்று அந்தப் பாட்டுகள் கலியாண வீட்டு இசைக்குழுவின் கடைசி அரைமணி நேரத்துக்கு ஒதுங்கிவிட்டன. அப்போதும் பெரியவர்கள் ஆட எழும்புகிறார்கள் என்பது நல்ல சகுனம்.

நித்தியின் கள்ளுக்கடைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கஸ்காரர்கள் நிமிர்ந்த கம்பத்தில் ஏறி, சறுக்கி, தலைகீழாக நின்று காட்டுகிறார்கள். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு கள்ளிறக்கப் பனையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். சிலம்பம் பழகும் பிள்ளைகள் கொட்டாஞ்சேனையில் இல்லையா? வெள்ளவத்தையில் பரதமும் ஜிம்னாஸ்டிக்கும் ஒருசேரப் பழகும் பிள்ளைகள் இல்லையா? இவர்களையும் ஒரு கூத்து அண்ணாவியாரையும் இரண்டு கிற்றார்காரர்களையும் ஒரே மேடையில் சேர்க்க கனடாவிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. முதல் முயற்சிக்கு ஒரு பாடசாலை மண்டபம் போதும். பாட்டுக்குரியவர்களிடம் முறையாக அனுமதி கேட்பதும், உயரத்தில் ஏறும் பிள்ளைக்குக் கீழே தரமான மெத்தை போடுவதும் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை.

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றிருக்கிறது. அந்தக் காலத்து இசைத்தட்டு, ஒலிநாடா, கச்சேரி நோட்டீஸ், புகைப்படம் எதுவும் உங்கள் அலுமாரியில் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த மண்டபம், எந்தக் குழு, எந்தப் பாட்டுக்கு ஆடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் கடிதங்களைத் தொடர்ந்து வெளியிடுவோம். மேடையேற்ற முன்வரும் இளைஞர்களுக்கு அந்தப் பக்கங்களே முதல் கையேடாக இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்