பிழை பொறியினதா, வினாவினதா?

தரவுத்தளம் எதிர்பாராத விடையை அளித்தாலும், விடையளிக்கத் தாமதித்தாலும், பொறியின்மீது பழி சுமத்திப் புதிய பொறி வாங்கக் குறிப்பெழுதுவது அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் முதலில் ஆராயப்பட வேண்டியது பொறியன்று, நாம் எழுதிய வினாவே என்பது என் கருத்து.

நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன். அங்கே ஆங்கிலக் கலைச்சொற்கள் ஓர் அட்டவணையிலும் அவற்றின் தமிழாக்கங்கள் மற்றோர் அட்டவணையிலும் சேமிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தமிழாக்கத்துடனும் மூலச்சொல்லின் எண் பதியப்பெறும். தமிழாக்க அட்டவணையில் இடம்பெறாத எண்ணுடைய சொற்களைத் தருக என 'நாட் இன்' என்னும் தொடரால் வினவினோம். ஒரு சொல்லும் வரவில்லை. பணி முற்றுப்பெற்றதென்று மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பும் தறுவாயில், என் மேசைமீது மொழிபெயர்க்கப்படாத சொற்கள் கட்டுக்கட்டாக இருந்தன!

தமிழாக்க அட்டவணையின் ஒரே ஒரு வரிசையில் எண் பதியப்படாமல் விடப்பட்டிருந்ததே காரணம். அத்தகைய இடத்தில் பொறி 'நல்' என்னும் குறியைக் கொள்கிறது. தமிழ்ச் செவிக்கு நன்மை தருவதுபோல் ஒலிப்பினும், இதனால் விளையும் தொல்லை சிறிதன்று. அது சுழியன்று, மதிப்பு இன்னதென்று அறியப்படவில்லை என்பதே அதன் பொருள். 57 என்னும் எண், அறியப்படாத ஓர் எண்ணினின்று வேறானதா என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ கூற இயலாதன்றோ? உண்மையென உறுதிப்பட்ட வரிசைகளை மட்டுமே எஸ்.கியூ.எல். மொழி தெரிந்தெடுக்குமாதலின், எல்லாச் சொற்களும் விலக்கப்பட்டன. பொறி விதிப்படியே நடந்தது. வினாவை 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்னும் தொடரால் மாற்றி எழுதியதும் விடுபட்ட சொற்கள் யாவும் வெளிப்பட்டன.

தொடர்புமுறைத் தரவுத்தளக் கொள்கையை 1970இல் வெளியிட்ட எட்கர் காட் இக்குறி இன்றியமையாதது என்று வாதிட்டார். கிறிஸ் டேட் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அறிஞரே மாறுபடும் இடத்தில், பயிற்சிக் கையேடு ஒன்றில் நான் அதனைச் 'சுழி' என்று பெயர்த்திருந்தேன். அதைப் படிக்கும் எழுத்தர் வேறெவ்வாறு கருதுவார்? 'அறியா மதிப்பு' என்பதே ஏற்ற சொல்லென்று இப்போது கருதுகிறேன்.

தாமதத்தின் கதையும் இத்தகையதே. 'தன்மை' என முடியும் சொற்களைத் தேடுகையில் பொறி திணறியது. இண்டெக்ஸ் எனப்படும் அடைவு இருந்தும் பயனில்லை. அகராதியில் 'மீள்' எனத் தொடங்கும் சொற்களை நொடியில் எடுக்கலாம். 'தன்மை' என முடிவனவற்றைக் காண ஏடு முழுவதையும் புரட்ட வேண்டும். பொறியும் அங்ஙனமே புரட்டிற்று. விரைவான பொறி வாங்கியிருந்தால் அதே புரட்டல் சற்று விரைந்திருக்கும். சொற்கள் பெருகப் பெருகத் தாமதமும் திரும்பியிருக்கும். சொற்களைத் தலைகீழாக எழுதிய நிரல் ஒன்றைச் சேர்த்து, அதற்கு அடைவு அமைத்தோம். இவ்வாறே எல்லா நிரல்களுக்கும் அடைவு அமைக்கலாமே எனின், புதிய பதிவு ஒவ்வொன்றின்போதும் அத்தனை அடைவுகளையும் பொறி திருத்த வேண்டியிருக்கும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டிலும் வினாவின்முன் 'எக்ஸ்ப்ளெயின்' என்னும் சொல்லை இட்டால், தான் தேடப்போகும் வழியைப் பொறியே எழுதிக் காட்டும். அந்த ஒரு தாள் இணைக்கப்படாத கொள்முதல் கோப்பிற்கு எவரும் ஒப்புதல் அளித்தலாகாது. எங்கள் கோப்பில் அதனை இணைத்த பின்னர், புதிய பொறிக்கான முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது.