பாரிவாக்கத்து மொட்டைமாடியும் ஒரு சோப்புக் குமிழியும்



"நட்சத்திரத்தைப் போட்டோ பிடிச்சா சோறு வருமாடா?" என்று அப்பா கேட்டார். அவர் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ படிக்க வந்த முதல் ஆள் நான். அவர் கேட்டதில் தப்பில்லை. சோறு வருமோ வராதோ, தொழில் கைக்கு வரும் என்பது என் கட்சி.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் முதுமையில் தன் மேலடுக்குகளை வாயுவாக ஊதித் தள்ளுகிறது. அதுதான் கோள் நெபுலா. கோளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பழைய தொலைநோக்கியில் உருண்டையாகத் தெரிந்ததால் வந்த பெயர். சிக்னஸ் மண்டலத்தில் சோப்புக் குமிழி போல ஒன்று உண்டு. அவ்வளவு மங்கல்! எத்தனையோ பேர் படமெடுத்த பகுதிதான். ஆனாலும் 2008 ஜூலை 6-ல் எடுத்த படத்தில்தான் டேவ் ஜுராசெவிச் என்ற அமெரிக்க அமெச்சூர் அதைக் கண்டார்.

"நம்ம ஏரியாவுல ஏதுப்பா வானம்? பைபாஸ் விளக்குதான் தெரியுது" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் இந்த நெபுலாக்களின் ஒளி பெரும்பாலும் சில குறிப்பிட்ட நிறங்களில்தான் வருகிறது. ஆக்சிஜனின் பச்சை 500.7 நானோமீட்டர். அதை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் போட்டால் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். (விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்.) அப்புறம் பொறுமை. 100 படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் புள்ளி புள்ளியான இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறையும்.

பூமி 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. தொலைநோக்கி அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பாவிட்டால் படம் கோடாக இழுத்துவிடும். வேண்டியது வொர்ம் கியர், ஸ்டெப்பர் மோட்டார், பேரிங். இதெல்லாம் நம்ம மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ பசங்க சமாச்சாரம்தானே? காவலூரில் 1968-ல் வேலையைத் தொடங்கிய 38 செ.மீ. தொலைநோக்கி நம்மவர்களே செய்தது. 1986-ல் வைனு பாப்பு பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றியது நம் நாட்டில்தான்.

ஆண்டு விழாவுக்கு சீரியல் பல்பும் ஸ்பீக்கரும் வாடகைக்கு எடுக்கிறோம். அதில் ஒரு பங்கைச் சங்கம் இதற்கு ஒதுக்கட்டும். எடுத்த எடுப்பில் சோப்புக் குமிழி வேண்டாம். 1764-ல் மெஸ்ஸியே கண்ட, பளிச்சென்ற எம்27 போதும். சனிக்கிழமை மதியம் லேத் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அப்பாவோ, மொட்டைமாடியில் ஆடாத தூண் கட்ட எத்தனை மூட்டை சிமென்ட் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டார்.