சிப்பைக் கேட்டியா, மச்சி?

அரியாங்குப்பத்துத் தம்பி ஒருத்தர், ஃபைனல் இயர். வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி வரைக்கும் அவரோட லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ஜம்முனு ஓடியது. காலையில் காலேஜ் லேப்பில் போட்டால் திரையில் ஒரே வரி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. "நான் என்னண்ணா சட்டவிரோதமா பண்ணேன்?"னு போனில் அழாத குறை!

விஷயம் இதுதான். கம்பைல் பண்ணும்போது, 'இந்த மெஷினுக்கே தோதா செஞ்சு கொடு' என்கிற ஆப்ஷனைப் போட்டிருக்கிறார். லேப்டாப்பில் ஏ.வி.எக்ஸ்.2 இருந்தது. இன்டெல் சிப்புகளில் 2013-ல் வந்த கட்டளைத் தொகுப்பு அது. லேப்பில் இருந்ததோ அதுக்கும் மூத்த தாத்தா. தெரியாத கட்டளையைக் கொடுத்தால் தாத்தா என்ன செய்வார் பாவம்?

ஓடுறதுக்கு முன்னாடி புரோகிராமே சிப்பை விசாரிக்கலாம். பென்டியம் வந்த 1993-லிருந்தே அதுக்கு 'சி.பி.யு.ஐடி' என்று ஒரு கட்டளை உண்டு. கேட்டால் 'ஜென்யூன்இன்டெல்', 'அதென்டிக்ஏ.எம்.டி.' என்று பேர் சொல்லும். என்னென்ன வித்தை தெரியும் என்றும் சொல்லும்.

பேர் குத்துறது புதுசா என்ன? நம்ம அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலி மண்பாண்டங்களிலேயே குயவர் முத்திரை இருந்ததே!

ஆனால் எல்லாத்தையும் சொல்லிவிடலாமா? 1999-ல் பென்டியம் 3 சிப் ஒவ்வொன்றுக்கும் தனி சீரியல் நம்பர் வைத்தார்கள். அதை சாஃப்ட்வேர் படிக்கலாம். 'அப்போ ஆளையே பின்தொடரலாமே'னு ஒரே எதிர்ப்பு. பென்டியம் 4-ல் நம்பர் காணோம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சிப், ரிஸ்க்-5 குடும்பம். அங்கே கதை வேற. தயாரிப்பாளர் அடையாளம் இருக்கும் ரெஜிஸ்டரை சாதாரண புரோகிராம் நேரா தொட முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்கணும். லினக்ஸில் அதற்கென்றே 2023-ல் 'ஹெச்.டபிள்யூ.ப்ரோப்' என்ற வழி வந்தது. வாசலில் வாட்ச்மேன் மாதிரி!

நம்ம தம்பி? அந்த ஆப்ஷனை எடுத்துட்டு லேப்பிலேயே மறுபடி கம்பைல் பண்ணினார். வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா ஓடிடுச்சு. வைவாவும் முடிஞ்சுது.

நீங்களும் லினக்ஸ் டெர்மினலில் எல்-எஸ்-சி-பி-யு எழுத்துகளைச் சேர்த்து அடிச்சுப் பாருங்க. உங்க லேப்டாப்பில் மட்டுமில்லை. வைவா நடக்கப்போற மெஷினிலும். அதுவும் முதல் நாளே!